செய்தியை ஐயுற்ற ரசிகர்கள்: லட்சுமிகாந்தன் வழக்கு முதல் ராமாவரம் துப்பாக்கிச் சூடு வரை

தமிழ்த் திரைப்பட ரசிகரைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி அவரை எதையும் நம்புகிறவராகவே சித்திரிக்கிறது. கட்அவுட்டுக்குப் பாலூற்றுவதும், முதல் நாள் முதல் காட்சிக்கு விடிய விடிய வரிசையில் நிற்பதும், நடிகர் உடல்நலம் பெற மொட்டையடித்துக்கொள்வதும் அந்தச் சித்திரத்தின் நிலையான கூறுகளாகிவிட்டன. ஆயினும் தம் நாயகர் ஒரு வழக்கிலோ வன்முறையிலோ சிக்கினார் என்ற செய்தி வெளிவந்த நாள்களில் அதே ரசிகர் ஒரு பத்திரிகையை இன்னொன்றோடு ஒப்பிட்டு, காலமும் இடமும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, அச்சில் வந்தது என்பதற்காக மட்டும் எதையும் ஏற்க மறுத்தவராகவும் இருந்திருக்கிறார். இந்த ஐயுறும் பழக்கம் தமிழ்நாட்டில் எப்படி வேரூன்றியது என்பதை 1944-ஆம் ஆண்டின் லட்சுமிகாந்தன் கொலை வழக்கையும் 1967-ஆம் ஆண்டின் நடிகர் எம்.ஜி.ஆர். மீதான துப்பாக்கிச் சூட்டையும் முன்வைத்தே ஓரளவு தெளிவாகக் காண முடியும்.

குற்றச் செய்தியைப் பரபரப்போடு விற்கும் தொழில் திரைப்படத்துக்கு முந்தியது. சென்னையின் குஜிலிக் கடைத் தெருவை மையமாகக் கொண்டு மலிவான தாளில் அச்சிடப்பட்டு, சந்தைகளிலும் திருவிழாக்களிலும் சில காசுகளுக்கு விற்கப்பட்ட சிறு பாட்டு நூல்களைக் குஜிலி நூல்கள் என்பர். அவற்றுள் நடந்த கொலைகளைச் சிந்து மெட்டில் விவரித்தவை கொலைச் சிந்துகள் எனப்பட்டன. இவற்றை விற்றவர் பாடிக்காட்டியே விற்றதால், வாங்கியவர் அதைச் செய்தியாகவும் பாட்டாகவும் ஒருசேரப் பெற்றார். விவரம் மெய்தானா என்று சரிபார்க்க அவருக்கு வழியும் இல்லை, தேவையும் குறைவு. ஏனெனில் கொலையுண்டவரும் கொன்றவரும் அவர் அறியாதவர்கள். சிக்கியவர் ஊரே அறிந்தவராகவும் ஊரே நேசிப்பவராகவும் இருந்தால்தான் செய்தி கேட்டவர் அதை எதிர்த்துக் கேள்வி கேட்கத் தொடங்குவார். அத்தகைய மனிதர்களைத் தமிழகத்துக்குத் தந்தது பேசும் படம்.

1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்த பின் சில ஆண்டுகளுக்குள் நடிகர்களின் குரல் இசைத்தட்டு வழியாகவும் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் வழியாகவும் படம் பார்க்காத வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதரின் சிகையலங்காரத்தை இளைஞர்கள் பின்பற்றினர், என்.எஸ். கிருஷ்ணனின் நகைச்சுவையைத் தெருவில் நடித்துக்காட்டினர். ‘சினிமா உலகம்’ முதலான திரைப்பட இதழ்கள் 1930-களிலேயே தோன்றிவிட்டன. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய பட விமரிசனங்கள் திரைப்படத்தைப் படித்தவர் பேசத்தக்க பொருளாக்கின. நடிகரின் கலையைப் பற்றி எழுதுவதும் அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதுவதும் அப்போது முற்றிலும் கலந்துவிடவில்லை. அந்தக் கோட்டைத் துணிந்து அழித்தவர் சி.என். லட்சுமிகாந்தன்.

இரண்டாம் உலகப் போரினால் காகிதத் தட்டுப்பாடு ஏற்பட்டு, புதிதாகப் பத்திரிகை தொடங்குவதற்கு அரசின் அனுமதி தேவைப்பட்ட காலத்தில், லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ என்ற வார இதழை நடத்தினார். முன்பு மோசடிக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் அவர். நடிகர் நடிகையரின் அந்தரங்கம் என்று சொல்லப்பட்டவற்றை அச்சிட்டதால் இதழ் பரபரப்பாக விற்றது. எழுதியதற்கு வந்த வருமானத்தைப் போலவே எழுதாமல் விடுவதற்கும் பணம் வந்தது என்பது அவர்மீது அக்காலத் திரையுலகம் சுமத்திய குற்றச்சாட்டு. இத்தகைய இதழ்களையே பிற்காலத்தில் மஞ்சள் பத்திரிகை என்று அழைத்தனர். அவதூற்றை அச்சிடுவதாக மிரட்டிப் பணம் பறிப்பதும், பெயரைச் சொல்லாமல் அடையாளத்தை மட்டும் தந்து வாசகரை ஊகிக்க வைப்பதும் அவற்றின் வழிமுறைகளாக இருந்தன. வாசகர் இதனால் ஒரு விசித்திரமான பயிற்சி பெற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும்: குறிப்பிட்ட வரி யாரைச் சுட்டுகிறது என்று கண்டுபிடிக்கப் பழகியவர், அந்த வரி யாருடைய தூண்டுதலால் எழுதப்பட்டது என்று கேட்பதற்கும் வெகுநாள் ஆகவில்லை.

பாகவதர், கிருஷ்ணன், பட்சிராஜா நிறுவனத்தின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டதை அடுத்து ‘சினிமா தூது’வின் உரிமம் ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் சோர்ந்துவிடாமல் ‘இந்து நேசன்’ என்ற இதழைக் கைக்கொண்டு முன்னிலும் கடுமையாக எழுதினார். 1944 நவம்பர் 8 அன்று, சென்னை வேப்பேரியில் கைரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த அவர் கத்தியால் குத்தப்பட்டார். குத்துப்பட்ட பின்பும் நினைவோடு இருந்து, அருகில் வசித்த வழக்கறிஞர் நண்பரிடம் சென்று, பிறகு பொது மருத்துவமனையை அடைந்த அவர், மறுநாள் அங்கு உயிர் நீத்தார். பேசக்கூடிய நிலையில் மருத்துவமனைக்குச் சென்றவர் எவ்வாறு ஓர் இரவுக்குள் இறந்தார் என்ற கேள்வியும், அவரால் அவதூறுக்கு உள்ளானோர் எத்தனையோ பேர் இருக்க பாகவதர், கிருஷ்ணன், நாயுடு ஆகியோர்மீது மட்டும் ஐயம் ஏன் என்ற கேள்வியும் அக்காலத்தில் எழுந்து, பல தலைமுறைகளுக்குப் பின்னும் பேசப்படுகின்றன. விடை கிடைக்காத கேள்விகளில்தான் வதந்தி குடியேறும் என்றாலும், இவ்விரண்டும் கேட்கத்தக்க கேள்விகளே.

பாகவதரும் கிருஷ்ணனும் ஸ்ரீராமுலு நாயுடுவும் சதிக் குற்றச்சாட்டில் கைதானபோது மாகாணமே அதிர்ந்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில், ஜூரிகளின் துணையோடு நடந்தது. பொதுமக்களிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, சாட்சியங்களைக் கேட்டுக் குற்றமுண்டா இல்லையா என்று கருத்துரைப்போரே ஜூரிகள். ஸ்ரீராமுலு நாயுடுவுக்காகப் புகழ்பெற்ற வழக்கறிஞர் கே.எம். முன்ஷி வாதாட வந்தது வழக்கின் கனத்தை உணர்த்தும். அரசுத் தரப்பு பெரிதும் நம்பியது அப்ரூவரின் வாக்குமூலத்தை. குற்றத்தில் தாமும் பங்கேற்றதாக ஒப்புக்கொண்டு, மன்னிப்புக்கு ஈடாக மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்பவர் அப்ரூவர். தம் உயிரைக் காத்துக்கொள்வதற்காகப் பேசுகிறவரின் சொல்லை எந்த அளவுக்கு நம்புவது என்பது சட்டத்துறையின் பழைய வினா. நாள்தோறும் நாளிதழ்களில் வெளிவந்த சாட்சிய விவரங்களால் அது தேநீர்க்கடை வினாவாகவும் மாறியது. 1945 மே மாதத்தில் ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட, பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை, அதாவது வாழ்நாள் முழுவதும் கடல்கடந்த தீவுச் சிறைக்கு அனுப்பப்படும் தண்டனை, விதிக்கப்பட்டது.

அந்நாளின் ரசிகர்கள் இத்தீர்ப்பை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குக் கிடைக்கும் மிக வலுவான சான்று ஒரு கொட்டகையின் வாசலில் இருக்கிறது. 1944 அக்டோபரில், தீபாவளிக்கு வெளிவந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் 1944, 1945, 1946 ஆகிய மூன்று தீபாவளிகளைத் தொட்டு ஓடியது. படம் வெளியான சில வாரங்களில் கொலை நடந்தது. நாயகர் கைதாகி, விசாரிக்கப்பட்டு, தண்டிக்கப்பட்டு, சிறையில் கிடந்த காலம் முழுவதும் அவருடைய குரல் அத்திரையரங்கில் ஒலித்தபடி இருந்தது. பாட்டுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் வந்தவர்கள் அக்கூட்டத்தில் நிச்சயம் இருந்திருப்பார்கள். போர்க்காலத்தில் புதிய படங்கள் குறைவாக வந்ததும் ஒரு காரணமே. இருப்பினும், கொலைச் சதிகாரர் என்று நீதிமன்றமும் நாளிதழும் கூறிய ஒருவரைக் காசு கொடுத்து மூன்றாம் ஆண்டிலும் காணச் சென்றவர்கள், அக்கூற்றைத் தம் மனத்துக்குள் ஏற்றுக்கொள்ளவில்லை என்று கொள்வதே பொருத்தம். கடிதம் எழுதவோ கூட்டம் போடவோ வசதியற்ற எளிய மக்களுக்கு நுழைவுச் சீட்டே கருத்துரைக்கும் கருவியாக இருந்தது.

வழக்கு அப்போதைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, அங்கிருந்து மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்துக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். ரசிகர்களின் ஐயம் பிழையில்லை என்று சட்டமே சொல்லிவிட்டதுபோல் ஆயிற்று. ஆனால், வாழ்க்கை அவ்வளவு எளிதாகத் தீர்ப்பைப் பின்பற்றுவதில்லை. கிருஷ்ணன் ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ போன்ற படங்களால் மீண்டும் நிமிர்ந்து நின்றார், பாகவதரோ ‘ராஜமுக்தி’யின் தோல்விக்குப் பின் பழைய உயரத்தை எட்டாமலேயே 1959 நவம்பரில் மறைந்தார். சிறையிலிருந்த நாள்களில் அவரைக் கைவிடாத ரசிகர் கூட்டம், சிறை மீண்ட பின் அவருடைய புதிய படங்களுக்கு வரவில்லை என்பது இவ்வரலாற்றின் மிக வேதனையான பகுதி. குற்றமற்றவர் என்று நம்புவது வேறு, மாறிவிட்ட காலத்தில் அவருடைய பாணியை விரும்புவது வேறு என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் தென்படவில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் செய்தியைப் படிக்கும் சூழலே மாறியது. ‘பேசும் படம்’, பி.ஆர்.எஸ். கோபால் 1947-இல் தொடங்கிய ‘குண்டூசி’ முதலிய இதழ்களில் கேள்வி–பதில் பகுதி வாசகரின் சொந்த இடமாக வளர்ந்தது. ஒரு நடிகரின் திருமணம், ஒரு படம் நின்றுபோன காரணம், இரு நடிகர்களுக்கிடையே மனத்தாங்கல் என்ற பேச்சு ஆகியவற்றைப் பற்றி வாசகர் அஞ்சலட்டையில் கேட்க, ஆசிரியர் பெயரோடும் ஊரோடும் அதை வெளியிட்டுப் பதில் தந்தார். வேறோர் இதழில் கண்டதை மறுத்தோ உறுதி செய்தோ சொல்லும்படி ஆசிரியரை வற்புறுத்த முடிந்தது என்பதே இதில் புதுமை. மறுபுறம், 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தினத்தந்தி’, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் எட்டும் எளிய நடையில் குற்றச் செய்திகளை ஊர்தோறும் கொண்டுசேர்த்தது. முடிதிருத்தும் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, முகச்சவரத்துக்குக் காத்திருப்போர் கேட்டு விவாதிப்பது அன்றாடக் காட்சி. திராவிட இயக்கத்தார் தெருமுனைகளில் நிறுவிய படிப்பகங்களில் பல இதழ்கள் ஒரே பெஞ்சின்மேல் கிடந்தன. ஒரே நிகழ்ச்சி இரண்டு தாள்களில் இரண்டு விதமாக வந்திருப்பதைக் கூலித் தொழிலாளியும் கண்டுகொள்ளும் வாய்ப்பு இப்படித்தான் உண்டாயிற்று.

அரசும் மஞ்சள் பத்திரிகையை மறந்துவிடவில்லை. 1960-இல் சென்னை சட்டமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தில் 292-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஆபாசமான, இழிவான எழுத்துகளையும் மிரட்டிப் பணம் பறிக்கும் நோக்கத்தோடு அச்சிடப்படுபவற்றையும் குற்றமாக்கியது.

1967 ஜனவரி 12, வியாழக்கிழமை. பொங்கலுக்கு இரண்டு நாள்கள் இருந்தன, சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தது, எம்.ஜி.ஆர். தி.மு.க. வேட்பாளராகப் பரங்கிமலைத் தொகுதியில் நின்றார். அன்று மாலை, ‘பெற்றால்தான் பிள்ளையா’ படத்தைத் தயாரித்த கே.கே. வாசுவுடன் நடிகர் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரின் வீடான ராமாவரம் தோட்டத்துக்கு வந்தார். முந்திய மாதம்தான் வெளியாகியிருந்த அப்படத்தில் இரு நடிகர்களும் சேர்ந்து நடித்திருந்தனர். பேச்சின் இடையே துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆருக்கு இடது காதருகே குண்டு பாய்ந்தது. ராதாவுக்கு நெற்றிப் பொட்டிலும் கழுத்திலும் காயம் ஏற்பட்டது. இருவரும் முதலில் ராயப்பேட்டை மருத்துவமனைக்கும், அங்கிருந்து பொது மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். மருத்துவமனைகளின் முன்னே திரண்ட கூட்டத்தில் இருந்த பெரும்பாலோர்க்கு, எம்.ஜி.ஆர். உயிரோடு இருக்கிறாரா என்பதே ஒரே கேள்வி.

அச்செய்தி முரண்பட்டு வந்ததற்குத் தீய நோக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நாளிதழ்த் தொழிலின் நடைமுறையே அதற்குப் பெரிதும் இடம் தந்தது. தொலைதூர ஊர்களுக்கு ரயிலிலும் பேருந்திலும் போக வேண்டிய பதிப்பு இரவின் முற்பகுதியிலேயே முடிக்கப்படும். நகரப் பதிப்போ நள்ளிரவுக்குப் பின்னும் திருத்தப்படும். மாலையில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் முதல் விவரம், காவல் நிலையத்திலும் மருத்துவமனை வாசலிலும் நிருபர் அவசரமாகச் சேகரித்தது, வெளியூர் வாசகரிடம் உறைந்துபோய் நிற்க, சென்னை வாசகர் அதன் திருத்திய வடிவத்தைக் காண்பார். இவற்றுக்கு மேல், உள்ளே நடந்ததைக் கண்டவர் காயமடைந்த இருவரும் வாசுவும் மட்டுமே. முதல் இருவரும் விரிவாகப் பேசும் நிலையில் இல்லை. எனவே, யார் சொன்னது என்று குறிப்பிடாமல் “நம்பத்தகுந்த வட்டாரங்கள்” என்ற தொடரின் நிழலில் ஒதுங்குவது நிருபருக்கு எளிய வழியாயிற்று. அச்சொல் வந்த இடத்திலெல்லாம் வாசகர் நின்று யோசித்தது நியாயமே.

நாள்கள் செல்லச் செல்ல இரண்டு கதைகள் எதிரெதிரே உருவாகின. ராதாதான் எம்.ஜி.ஆரைச் சுட்டு, பின் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார் என்பது ஒன்று, எம்.ஜி.ஆர். முதலில் சுட்டார், ராதா துப்பாக்கியைப் பறித்துத் திருப்பிச் சுட்டார் என்பது மற்றொன்று, ராதா தரப்பு கூறியது. காரணம் பற்றியும் பேச்சு பிரிந்தது. படத்துக்காகக் கொடுத்த கடன் என்றனர் சிலர், அரசியல் பகை என்றனர் சிலர். ரசிகர்கள் எழுப்பிய வினாக்கள் இங்கே கூர்மை பெற்றன. தற்கொலைக்கு முயன்றவர் உடம்பில் எப்படி இரண்டு இடங்களில் குண்டுக் காயம் இருக்க முடியும் என்று ராதாவின் ஆதரவாளர் கேட்டனர், எம்.ஜி.ஆர். சுட்டிருந்தால் காதருகே, அதுவும் பின்புறம் சார்ந்த பக்கவாட்டில் அவருக்குக் குண்டு பாய்வதேன், வந்த விருந்தாளி துப்பாக்கியோடு வருவதேன் என்று மற்றவர்கள் கேட்டனர். நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் எழுப்பிய வினாக்களுக்கும் இவற்றுக்கும் இருந்த நெருக்கம், சாமானியர் எவ்வளவு உன்னிப்பாக வாசித்தனர் என்பதற்குச் சாட்சி சொல்கிறது.

அவ்வாசிப்புக்கு ஒரு பெரிய குறையும் இருந்தது. அதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ராதா பெரியாரின் தொண்டர், அத்தேர்தலில் பெரியார் காமராஜரின் காங்கிரசை ஆதரித்தார், எம்.ஜி.ஆர். தி.மு.க.வின் முகம். ஆதலால் எந்த இதழை நம்புவது என்பது பெரும்பாலும் எந்தக் கொடியின் கீழ் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே முடிவாயிற்று. தன் பக்கத்துக்கு எதிரான செய்தியின் ஓட்டைகளை நுணுகி ஆராய்ந்த அதே வாசகர், தன் பக்கத்துக்குச் சாதகமான வரியை ஒரே மூச்சில் விழுங்கினார். 1944-இல் ரசிகரின் ஐயம் அவதூறு இதழையும் அரசையும் எதிர்த்து நின்றது. 1967-இல் அது ஒரு கட்சி மற்றொன்றின்மீது வீசும் கல்லாகவும் பயன்பட்டது. முந்தியது மனத்தைத் தொடுகிறது. பிந்தியது கவலை தருகிறது.

சம்பவத்தின் மறுநாள், ஜனவரி 13 அன்று, எம்.ஜி.ஆர். நடித்த ‘தாய்க்குத் தலைமகன்’ வெளியாயிற்று. மருத்துவமனையில் கிடப்பவர் திரையில் ஓடிச் சண்டையிடுவதைக் கண்ட கூட்டத்தின் மனநிலையை எந்த நாளிதழும் முழுமையாக எழுதியிருக்க முடியாது. கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் புகைப்படம் சுவரொட்டியாகி ஊரெங்கும் ஒட்டப்பட்டபோது, முரண்பட்ட செய்திகளால் அலைக்கழிந்திருந்த மக்கள் முன் கண்ணால் காணத்தக்க ஒரு சான்று வந்து நின்றது. உயிரோடிருக்கிறார் என்பதை அப்படம் சொல்லிற்று. அதற்கு மேல் எதையும் அது நிறுவவில்லை என்பதைக் கேட்பார் அப்போது இல்லை. தொகுதிக்குள் சென்று வாக்குக் கேட்காமலேயே அவர் 27,674 வாக்கு வித்தியாசத்தில் வென்றார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது.

வழக்கு செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடைபெற்றது. கொலை முயற்சி, தற்கொலை முயற்சி ஆகிய குற்றச்சாட்டுகளை ராதா எதிர்கொண்டார். அரசுத் தரப்பின் விவரத்தை ஏற்ற நீதிமன்றம் 1967 நவம்பரில் அவருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அக்காலம் குறைக்கப்பட்டது. அதற்கு முன்பே, செப்டம்பரில், ‘காவல்காரன்’ வெளிவந்து, குண்டுக் காயத்தால் மாறிப்போன எம்.ஜி.ஆரின் குரலை மக்கள் முதன்முறையாகக் கேட்டிருந்தனர். வேறொருவரைக் கொண்டு குரல் கொடுக்காமல் தம் தெளிவற்ற குரலிலேயே அவர் பேசியதும், அதை ரசிகர்கள் முணுமுணுப்பின்றி ஏற்றதும், செய்தித்தாள்களால் தர இயலாத ஓர் உறுதியைத் தந்தன. காயம் உண்மை என்பதற்கு அக்குரலே அத்தாட்சியாயிற்று.

ராதா சிறை மீண்ட பின், எழுத்தாளர் விந்தன் அவரைச் சந்தித்து உரையாடி எழுதிய ‘சிறைச்சாலை சிந்தனைகள்’ தொடர் அவருடைய குரலை அவருடைய சொற்களிலேயே வாசகர்க்குத் தந்தது. அதே காலப்பகுதியில் எம்.ஜி.ஆர். தம் வாழ்க்கையை ‘நான் ஏன் பிறந்தேன்’ என்ற தொடராக ஆனந்த விகடனில் எழுதினார். செய்தியாளர் வழியாக மட்டுமே அறியப்பட்ட இருவரும் தத்தம் வாழ்க்கையைத் தாமே எடுத்துரைக்க முன்வந்தது, இருபுறத்து ரசிகரும் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்த கேள்விகளின் அழுத்தத்தால் என்று கருத இடமுண்டு.

எம்.ஜி.ஆர். முதலமைச்சரான பின், 1981-இல் அவருடைய அரசு 292-ஏ பிரிவைக் கடுமையாக்கும் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தது. இழிவான எழுத்தை ஒடுக்குவதே நோக்கம் என்று அரசு கூற, அரசைக் குறைகூறும் எழுத்தையும் அது நெரித்துவிடும் என்று பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கிப் போராடினர். நடிகரின் பெயரைக் கெடுக்கும் பத்திரிகையை எப்படித் தடுப்பது என்று 1944-இல் பாகவதரும் கிருஷ்ணனும் ஆளுநரிடம் கேட்ட கேள்வி, இம்முறை ஒரு நடிகரே அரசின் தலைவராக இருந்த காலத்தில், பத்திரிகையின் சுதந்திரம் எதுவரை என்ற கேள்வியாகச் சட்டமன்றத்துக்குத் திரும்பி வந்தது.